ஆள் இருக்கும் வீடுகள்

காலையில் அவள் முழுசாக வைத்துவிட்டுப் போன ரொட்டியில் இரண்டு துண்டு குறைந்திருந்தது. கத்தி பக்கத்திலேயே கிடந்தது.

ஒடீலுக்கு முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. மோன்வியே என்ற அந்த மலையூர் அழகானதுதான். அந்த அழகை ரசிக்க முழங்கால் வேண்டுமே! பூட்டிக் கிடக்கும் பதினான்கு வீடுகளின் சொந்தக்காரர்களும் பாரீசில். ஆகஸ்டில் எட்டிப் பார்ப்பதோடு சரி. காலையில் அந்த வீடுகளின் ஜன்னல்களைத் திறந்து, தொட்டிப் பூக்களுக்குத் தண்ணீர் விட்டு, தெருவிலிருந்து தெரியும்படி மேசையில் விரிப்பும் ரொட்டியும் ஒயினும் வைப்பது அவள் வேலை. சாயங்காலம் எடுத்துவிட்டுச் சாத்த வேண்டும். பஸ்ஸில் வருகிறவர்கள் ஊரில் ஆள் இருப்பதாக நம்பிப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

மேயர் காஸ்பாருக்குப் போன் போட்டாள். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள்.

"எலியா இருக்கும் ஒடீல்."

"எலி கத்தி எடுத்து வெட்டுமாக்கும்? நல்லா வருது வாயில!"

"சரி விடு. ஆர்மாந்தை ஜன்னல்கிட்ட உக்கார வெச்சியா?"

"வெச்சேன், வெச்சேன். நீதான் காலையிலேர்ந்து உயிரை வாங்கினியே."

ஆர்மாந்த் அவள் கணவர். ஞாபகமெல்லாம் அழிந்து மூன்று வருடம். அவள் ஊட்டினால்தான் உண்டு. இன்றுதான் முதல்முறையாகத் தன் வீட்டிலும் அதே மாதிரி மேசை போட்டு, பயணிகள் பார்க்க அவரை அதில் உட்கார வைத்திருந்தாள். போனை வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

அடுத்த வீட்டில் கோப்பையின் அடியில் ஒரு வாய் ஒயின் மிச்சமிருந்தது, நாற்காலி மேசையிலிருந்து தள்ளியிருந்தது, இத்தனை வருடம் ஈரச்சுவரும் எலிப்புழுக்கையும் நாறிக்கிடந்த அந்த அறை முழுக்க வெண்ணெயில் வதக்கிய வெங்காயத்தின் வாசம் நிறைந்திருந்தது. இருக்கையைத் தொட்டாள். சூடு.

மாடியில் யாரோ செருப்பை இழுத்து இழுத்து நடந்தார்கள்.

மீதி வீடுகளை அப்படியே விட்டுவிட்டுத் தன் வீட்டுக்கு விரைந்தாள். ஆறு மணி ஆகவில்லை. மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிவிட்டது. கல் தெரு. வழுக்கல். மூச்சு வாங்கியது. அவருக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது. கடவுளே, ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது.

வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

ஜன்னலுக்கு ஓடினாள். விளக்கு எரிந்தது. ஆர்மாந்த் சூப் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஊதி ஊதி, அவசரமே இல்லாமல் ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் சிரித்தார். ஒடீலிடம் அப்படிச் சிரித்து மூன்று வருடம்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. மறுகணம் அந்த நினைப்பே அவளை உலுக்கிப் போட்டது.

"ஆர்மாந்த்!" கண்ணாடியைத் தட்டினாள். "நான்தாங்க! கதவைத் திறங்க!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். மரியாதையாகத் தலையசைத்தார்.

"ஊர் பாக்க வந்தவங்க போலிருக்கு, ஒடீல்," என்றார் அந்தப் பெண்ணிடம். தெளிவாக. பழைய குரலில்.

அந்தப் பெண் எழுந்து, முகம் திரும்பாமலே பின்னால் நடந்து ஜன்னலுக்கு வந்தாள். கண்ணாடி திறந்தது. வெளியே நீண்ட கை, சாத்துவதற்காக ஜன்னலின் மரக்கதவைப் பற்றியது. ஒடீல் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். வெதுவெதுப்பான அந்தக் கை, குழந்தையின் விரல்களைப் பிரிப்பதுபோல, அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டது.