வளைவில் வந்த பதில்

பதினோராவது கொண்டை ஊசி வளைவில் அவன் இரண்டு முறை ஹாரன் அடித்தான். மேலே எங்கிருந்தோ இரண்டு முறை பதில் வந்தது.

மலைப்பாதையில் அது ஒரு மரியாதை. எதிரே ஏதோ வண்டி இறங்குகிறது என்று நினைத்து, வேனைப் பாறையோரமாக ஒதுக்கி நிறுத்தினான். மதியம் மூன்று மணிதான். ஆனால் பனிமூட்டம் கண்ணாடிவரை வந்து நின்றது. நசுங்கிய செடிகளின் பச்சை வாசனையும் சூடேறிய பிரேக்கின் கருகல் நெடியும் ஒன்றாகக் கலந்து அடித்தன. ஐந்து நிமிடம் காத்திருந்தான். எந்த வண்டியும் வரவில்லை.

"என்ன மாமா, எதிர்ல வர்றவரு தூங்கிட்டாரா?" என்றான் முன்சீட்டில் இருந்த மைத்துனன். மனைவியின் தம்பி. மூன்று நாள் பயணத்தில் அவன் வாய் மூடியது சாப்பிடும்போது மட்டும்தான். சாப்பிடும்போதும் பாதி நேரம் மூடவில்லை.

"யு-டர்ன் போட்டிருப்பான்" என்றான் அவன்.

"இந்த ரோட்டுலயா? சைக்கிளே திரும்பாது மாமா."

பின்சீட்டில் மனைவியும் பத்து வயது மகள் குட்டியும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. பதினாறு வருடமாகத் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறவன் அவன். கண்ணைவிடக் காதை நம்புவான். பேரிங் தேய்வதையும் பெல்ட் தளர்வதையும் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவான். போன மழையில் தண்ணீர் புகுந்ததிலிருந்து இந்த வேனின் ஹாரன் ஒவ்வொரு முறையும் லேசாக இருமிக்கொண்டுதான் ஓயும். மேலேயிருந்து வந்த பதிலும் இருமித்தான் ஓய்ந்தது.

எதிரொலியாக இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். ஆனால் எதிரொலி அரை நிமிடம் யோசித்துவிட்டா வரும்?

அடுத்த வளைவில் ஒருமுறை அடித்தான். ஒருமுறை வந்தது. அதற்கடுத்ததில் மூன்று முறை. நான்கு வந்தது.

குட்டிக்கு அது விளையாட்டாகிவிட்டது. கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, "ஓய்!" என்று கத்தினாள்.

"ஓய்!" என்றது பனிமூட்டம், குட்டியின் குரலிலேயே.

"அம்மா, கேட்டீங்களா! அப்படியே என்ன மாதிரியே!" மறுபடி கத்தினாள். "யாரது?"

வேன் ஒரு வளைவைத் திரும்பி முடிக்கும்வரை சத்தமே இல்லை. பிறகு, முன்னைவிடச் சற்றுப் பக்கத்தில், அவள் குரலிலேயே பதில் வந்தது.

"நான்தான்."

மனைவி எட்டி, கண்ணாடியை ஏற்றினாள். "போதும். உள்ள ஒக்காரு."

"நீதானே குட்டி 'நான்தான்'னு சொன்ன?" என்றான் மைத்துனன். கேள்வியில் கெஞ்சல் இருந்தது.

"நான் சொல்லல மாமா" என்றாள் குட்டி. குரல் கம்மியிருந்தது. தொண்டை கரகரக்கிறது என்றாள். மனைவி பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். அதன்பின் அவன் எந்த வளைவிலும் ஹாரனைத் தொடவில்லை.

உச்சியைத் தாண்டி இறக்கம் தொடங்கிய இடத்தில் பாதையின் நடுவே ஒரு பாறை கிடந்தது. ஓர் ஆள் புரட்டித் தள்ளக்கூடிய அளவுதான். மைத்துனன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினான். முகப்பு விளக்கின் வெளிச்சத்தில் அவன் குனிந்து தள்ளுவது சாம்பல் நிழலாகத் தெரிந்தது. பாறை ஓரத்துக்குப் புரண்டது. அவன் கையைத் தட்டியபடி வந்து ஏறிக் கதவைச் சாத்தினான். வேன் நகர்ந்தது.

"மாமா!"

பின்னாலிருந்து. பாதையிலிருந்து.

"மாமா, நிறுத்துங்க! என்ன விட்டுட்டுப் போறீங்களே! மாமா!"

ஓடிவருகிற ஆளின் மூச்சிரைப்பு அந்தக் குரலில் இருந்தது. அழுகையும் இருந்தது. அவன் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். மைத்துனன் இருந்தான். நெற்றியில் மண். முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் இங்கதானே இருக்கேன்?" என்றான் மைத்துனன். நாள் முழுக்க முழங்கிய அந்தக் குரல் நூலாக இழைந்து வந்தது. "மாமா... நான் இங்கதானே?"

"இனிமே யாரும் பேசாதீங்க!" அவன் கத்தினான். "என்ன நடந்தாலும் சரி. ஒரு வார்த்த பேசக்கூடாது. வாயத் திறக்காதீங்க!"

இரண்டாவது கியரில் இறக்கினான். எஞ்சின் முனகியது. வைப்பர் ஒரே இடத்தைத் தேய்த்தது. உள்ளே நான்கு பேரின் மூச்சு. கண்ணாடிகள் அவர்கள் மூச்சாலேயே வெளுத்துப்போயின. ஒரு வளைவு. இன்னொன்று. வெளியே எதுவும் கூப்பிடவில்லை. பயம் கொஞ்சம் தளர்ந்தது.

"அப்பா, தல சுத்துது. கொஞ்சம் நிறுத்துங்கப்பா."

குட்டிதான். எத்தனை தடவை சொன்னேன் என்று கோபம் பொங்க, தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பின்னால் பார்த்தான்.

மனைவியின் உள்ளங்கை குட்டியின் வாயை இறுகப் பொத்தியிருந்தது. அதற்குமேல் குட்டியின் கண்கள் மட்டும் விரிந்திருந்தன.

"அப்பா. நான் இங்க இருக்கேன்."

வெளியிலிருந்து இல்லை. கடைசி வரிசையிலிருந்து, பெட்டிகளுக்கு நடுவிலிருந்து.

"கேக்கலையா? குழந்த கூப்பிடுதுல்ல?" இது மனைவியின் குரல். கண்ணாடியில் மனைவியின் உதடுகள் ஒட்டியிருந்தன. "நீங்க எப்பவும் இப்படித்தான். இவ பொறந்தப்ப ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களா? டபுள் ஷிஃப்டு. விடியற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன்."

மனைவி வேகமாகத் தலையாட்டினாள், நான் சொல்லவில்லை என்று. பத்து வருடத்தில் அவள் ஒருமுறைகூட அதைச் சொன்னதில்லைதான். ஆனால் நினைத்திருக்கிறாள். கண்ணாடியில் அவள் கண்கள் நிறைந்து வழிவதைப் பார்த்ததும் அவனுக்கு அது புரிந்தது. மன்னிப்புக் கேட்கவேண்டும்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

நிறுத்தக்கூடாது.

வளைவு. ஸ்டியரிங் ஈரத்தில் வழுக்கியது. பெட்டிகள் நகரும் சத்தம்.

"நிறுத்துங்க."

வளைவு.

"நிறுத்து மாமா."

வளைவு. கழுத்தின் பின்னால் குளிர்ந்த காற்று. மூச்சு.

"நிறுத்துப்பா."

நிறுத்தவில்லை.

சட்டென்று வெயில். யாரோ துணியை உருவியதுபோல் மூட்டம் விலகியது. கீழே பள்ளத்தாக்கு, ஓடை, தகரக் கூரைகள். எதிரே ஒரு சோதனைச் சாவடி, குறுக்கே சிவப்பும் வெள்ளையும் அடித்த தடுப்புக் கம்பம். அவன் வேனை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை உருவிக்கொண்டு இறங்கினான். ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து பார்த்தான். பெட்டிகள் மட்டும்தான் இருந்தன. மனைவியும் குட்டியும் மைத்துனனும் இறங்கி வந்து அவனை ஒட்டி நின்றார்கள். தலையை எண்ணிக்கொண்டான். எல்லாரும் இருந்தார்கள்.

காவலர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் கேட்டார்.

"எத்தன பேரு?"

அவன் வாயைத் திறந்தான். நாக்கு அசைந்தது. தொண்டை அசைந்தது. ஒன்றும் வரவில்லை.

"நாலு பேரு" என்ற பதில் மேலே மூட்டத்துக்குள்ளிருந்து வந்தது. அவனுடைய குரல்.

காவலர் 4 என்று எழுதினார். அப்புறம்தான் நிமிர்ந்தார். அவனுடைய திறந்த வாயைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். பேனாவை வைத்துவிட்டு, பின்பக்கமாகவே நகர்ந்துபோய் உள்ளறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

அவன் திரும்பினான். மனைவியின் உதடுகள் 'என்னங்க' என்று அசைந்தன. சத்தமில்லை. மைத்துனன் இரு கைகளாலும் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மேலே, மனைவியின் குரல் எதற்கோ செல்லமாகக் கோபித்துக்கொண்டது. மைத்துனனின் குரல் ஏதோ ஜோக் அடித்தது. நான்கு குரல்களும் சிரித்தன.

"எல்லாரும் ஏறியாச்சா?" என்றது அவன் குரல்.

"ஏறியாச்சுப்பா!"

ஒரு கதவு சாத்தப்பட்டது. ஓர் எஞ்சின் உயிர்பெற்றது. சாவி அவன் கையில்தான் இருந்தது. வேன் அவன் பக்கத்தில்தான் நின்றது.

குட்டியின் சிரிப்பு ஒவ்வொரு வளைவாகக் கீழே இறங்கி வந்துகொண்டிருந்தது. குட்டி அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு, வாயை அகலத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க, சத்தமே இல்லாமல் அலறிக்கொண்டிருந்தாள்.