இன்னும் பாடிக் காட்டாத பாட்டு

"அது என் சீட்டு."

மாதேஷ் மெதுவாகத்தான் சொன்னான். ஜன்னலோரம் இருந்தவள் நிமிர்ந்தாள். இமையில் ஒரு மழைத்துளி... தயங்கி நின்று, கன்னத்தில் இறங்கியது.

"பேர் எழுதியிருக்கா?"

"மூணு வருஷமா அங்கதான் உக்கார்றேன்."

"மூணு வருஷம் உக்காந்தாச்சுல்ல? இன்னிக்கி ஒரு நாள் தள்ளி உக்காருங்க."

பஸ்ஸே சிரித்தது. கம்பெனி பஸ்ஸில் வெளியாள் ஏறக் கூடாது. ஆனால் சூளகிரியில் கொட்டுகிற மழையில், கிடார் பையை மார்போடு அணைத்துக் கை காட்டியவளைத் தாண்டிப் போக டிரைவர் அன்புமணிக்கு மனம் வரவில்லை.

மாதேஷ் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் பெயர் ஜெயப்ரியா. பாட்டு எழுதுகிறாள், மெட்டுப் போடுகிறாள், பாடுகிறாள்.

"சினிமாவுலயா?"

"என் ரூம்ல. சுத்தியும் போர்வை கட்டித் தொங்கவிட்டு."

பின்சீட்டிலிருந்து ஒரு பாட்டு பாடச் சொன்னார்கள். அவள் யோசித்தாள்.

"பாதிப் பாட்டு ஒண்ணு இருக்கு. வண்டிச் சத்தத்துல நிக்குதான்னு பாக்கணும். ஆனா இத இன்னும் இந்தக் கதைக்குச் சொந்தக்காரிகிட்ட பாடிக் காட்டல. இந்த பஸ்ஸோட இருக்கட்டும்... சரியா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். மாதேஷும்.

*ரெண்டு கையில ரெண்டு புள்ள
மூட்டைய எங்க வெப்பேன்?
எல்ல தாண்டி வந்த பின்ன
எந்தப் பாஷையில அழுவேன்?*

ஓடும் மோட்டாரைக் காதால் கேட்டே குறை சொல்வது மாதேஷின் வேலை. ஒரு நாளைக்கு முந்நூறு மோட்டார். எந்தச் சத்தத்திலும் அவன் காது முதலில் குறையைத்தான் தேடும். இந்தக் குரலில் தேட மறந்தது. கை மட்டும் தானாகப் போய் செல்போனில் பதிவை அழுத்தியது.

ஓசூரில் அவள் இறங்கிப் போனாள். திரும்பிப் பார்ப்பாளா என்று பார்த்தான்... பார்க்கவில்லை.

அன்று ஷிப்டு முடிவதற்குள் அந்தப் பதிவை எட்டு முறை கேட்டான். சந்தோஷம் தாங்கவில்லை. நண்பன் நவீன்குமாருக்கு அனுப்பினான். 'உனக்கு மட்டும்டா.' நவீன்குமார் அதை ஷிப்டு குரூப்பில் போட்டான். அப்புறம் யார் யாருக்குப் போனது என்று தெரியாது. மூன்றாம் நாள் நெடுஞ்சாலையில் போகிற பாதி கம்பெனி பஸ்களில் அந்தப் பாட்டு ஓடியது.

நான்காம் நாள் சூளகிரியில் அவள் கை காட்டினாள். மழை இல்லை. ஏறியதும் கேட்டாள்.

"யார் ரெக்கார்ட் பண்ணது?"

மாதேஷ் எழுந்து நின்றான்.

"பாகலூர்ல ரோஜாப்பூ வெட்டற கெம்பம்மாக்காவோட கதை அது. எந்த ஆளோட கதையோ, அந்த ஆளுகிட்டதான் மொதல்ல பாடுவேன். அவங்க வேணாம்னா பாட்டக் கிழிச்சிருவேன். அக்கா அத டீக்கடையில கேட்டிருக்காங்க. ரெண்டு நாளா வேலைக்கு வரல. இனிமே அங்க எந்தப் பொம்பளையாவது என்கிட்ட வாயத் தொறப்பாங்களா?"

மொத்த பஸ்ஸும் அவனையே பார்த்தது. மன்னிப்பு நுனிநாக்கு வரை வந்தது. வாயில் வந்தது வேறு.

"நல்ல பாட்டுதானே... நாலு பேர் கேட்டா என்ன?"

அவள் கண்கள் அவனை ஒரு முறை அளந்தன. அப்படியே இறங்கிவிட்டாள்.

அன்றிரவு அவளுடைய இணையப் பக்கத்தைத் தேடிப் பிடித்தான். ஐந்து வருடம், நாற்பத்தொரு பாட்டு. எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போய்ச் சேர்த்தவை. ஒன்று மாங்காய் லாரி ஓட்டுகிறவருடையது. ஒன்று கிரானைட் குவாரியில் கை இழந்தவருடையது. தமிழில் தொடங்கும் பாட்டு கன்னடத்தில் கோபப்படும், தெலுங்கில் கொஞ்சும்... இந்த ஊர் பேசுகிற மாதிரியே. ஒவ்வொரு பாட்டின் கீழும் ஒரே மாதிரி வரி: 'இந்தப் பாட்டின் சொந்தக்காரர்...' பிறகு ஒரு பெயர். நாற்பத்தொரு பெயர்களையும் வாசித்தான். தன் பெயரை எங்கோ ஓரத்தில் சின்னதாகப் போட்டிருந்தாள்.

இவளிடமா வீம்பு காட்டினேன்?

அவளிடம் பேச வாய் வரவில்லை. கெம்பம்மாவிடம் போகலாம். ஞாயிற்றுக்கிழமை பாகலூர் போனான்.

ரோஜா வளர்க்கிற பிளாஸ்டிக் கூடாரமான பாலிஹவுஸின் வாசலில் கெம்பம்மா பூக்கட்டுகளைத் தண்ணீர் டிரம்மில் நிறுத்திக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். அவன் நடந்ததை ஒளிக்காமல் சொன்னான்.

"ஏனப்பா, நீதானா அது?" கத்திரியைக் கீழே வைத்தாள். "டீக்கடையில அத்தன பேரும் அய்யோ பாவம்னு பாக்கறாங்க. எனக்கு எதுக்கு பாவம்? ரெண்டு நாள் வெளிய தல காட்டல."

"தப்பு என்னோடதுக்கா. ஜெயப்ரியா மேல கோவப்படாதீங்க."

"அவ மேலயும் இருக்கு. வரட்டும்."

"வந்துட்டேன்க்கா."

கிடாரோடு பின்னால் நின்றாள் ஜெயப்ரியா. எப்போது வந்தாளோ... எவ்வளவு கேட்டாளோ. அவனைப் பார்க்கவில்லை.

"உங்ககிட்ட முழுசா பாடிக் காட்டத்தான் வந்தேன். வேணாம்னா இங்கயே விட்டுடறேன்."

"பாடு."

பாடினாள். கெம்பம்மா கடைசி வரியில் கை நீட்டி நிறுத்தினாள்.

"நான் எங்கடி அழுதேன்? புள்ளைங்க அழுதுச்சு. மூணு பாஷையும் அரகொற. எந்தப் பாஷையில போயி வேல கேக்கறதுன்னு நான் யோசன பண்ணினு நின்னேன். அழறதுக்கு எனக்கு ஏது நேரம்?"

ஜெயப்ரியா கம்பிகளைத் தொட்டு, கடைசி வரியை மாற்றிப் பாடினாள்.

*எல்ல தாண்டி வந்த பின்ன
எந்தப் பாஷையில வேல கேப்பேன்?*

மாதேஷுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை பஸ்களில் ஓடிய பாட்டு இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஐந்து வருட உழைப்பை அந்த ஒரு நொடியில் கண்ணால் பார்த்தான். தன் வரி போனதே என்று அவள் முகம் வாடவில்லை... மலர்ந்தது.

"ம்... இது நானு," என்றாள் கெம்பம்மா. "இத போடு. எல்லா பஸ்ஸுலயும் போடு." கத்திரியை எடுத்துக்கொண்டு பூச்செடிகளுக்குள் போய்விட்டாள்.

இருவர் மட்டும். கூரைத் தாளில் தூறல் விழத் தொடங்கியது.

"அன்னிக்கே சாரி சொல்லியிருக்கணும்," என்றான்.

"ஆமா."

"பஸ்ஸுல எல்லாரும் பாத்தாங்க. வாய் வரல."

"எதுக்கு ரெக்கார்ட் பண்ணீங்க? உண்மையச் சொல்லுங்க."

"நீங்க எறங்கிப் போயிட்டா... அப்புறம் எங்கிட்ட என்ன இருக்கும்னு தோணுச்சு."

அவள் கிடாரின் வாரைத் திருகினாள்.

"பாட்டுக்காகவா?"

"பாட்டு பிடிச்சிருந்துச்சு. பாடினவங்களயும்..." டிரம்மில் நின்ற ரோஜாக்களைப் பார்த்தான். பிறகு முடித்தான். "பிடிச்சிருக்கு. ரொம்ப."

தூறல் மழையானது. அவள் இப்போதுதான் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அந்தக் கண்களில் சிரிப்பு முதலில் வந்தது, ஈரம் பிறகு.

"மொத ரெண்டு நாள் பாட்டுக்காகத்தான் கோவம். அப்புறம்... இந்த ஆளு தேடி வந்து ஒரு வார்த்த பேச மாட்டேங்கறாரேன்னு கோவம்."

"எது பெரிய கோவம்?"

"ரெண்டாவதுதான்," என்றாள் ஜெயப்ரியா.