ஆணி பிடுங்கிய கதவு

காலையில் ஆம்ப்ரோஸ் வந்து பார்த்தபோது, முதல்நாள் கதவில் அடைத்திருந்த பட்டியெல்லாம் வராந்தா தரையில் உதிர்ந்து கிடந்தது. சாக்கட்டிப் பொடியையும் ஆளி எண்ணெயையும் பிசைந்து, தான் பிடுங்கிய பழைய ஆணிகளின் துளைகளில் கட்டைவிரலால் அழுத்தி, பார்த்துப் பார்த்துச் சமமாக்கியிருந்தான். யாரோ உள்ளேயிருந்து தள்ளியதுபோல ஒவ்வொன்றும் முழுசாக வெளியே விழுந்திருந்தது. டிசம்பர் ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மறுபடி பிசைந்தான்.

கண்டோன்மென்டில் இத்தனை மலிவாக வீடு கிடைத்ததே பெரிசு. பெயிண்ட் வேலை முடியும்வரை இரவில் நண்பன் யூஜினின் அறையில் படுத்துக்கொண்டு பகலில் வந்து உழைத்தான். பிரசவத்துக்குப் போயிருந்த ஜோசஃபின் நாளைக்குக் கைக்குழந்தையோடு கோலாரிலிருந்து வருகிறாள். மகன் முதன்முதலாக நுழையும் வாசல் கிறிஸ்துமஸுக்குப் பளிச்சென்று இருக்க வேண்டும். அவனுக்கு வேறு ஆசையே இல்லை.

பக்கத்து வீட்டு மௌரீனம்மா காம்பவுண்டில் சாய்ந்தபடி அந்த வீட்டின் கதையைச் சொன்னாள். பிளேக் வருஷத்தில் காய்ச்சல் கண்டவர்களையெல்லாம் ஊருக்கு வெளியே தனிமைக் கேம்ப்புக்குக் கொண்டுபோனார்களாம். அதற்குப் பயந்து, இங்கே இருந்த ஒருவன் தம்பி குடும்பத்தை உள்ளே ஒளித்துவிட்டு, காலி வீடு என்று தோன்றும்படி வெளியே ஆணியடித்தானாம். இரவு வந்து திறப்பதாகச் சொல்லிப் போனவன் வழியிலேயே காய்ச்சலில் செத்துப்போனான். பின்சுவரை இடித்துத்தான் உடல்களை எடுத்தார்கள். சுவரைத் திரும்பக் கட்டியவர்கள் அந்தப் பக்கம் வாசலே வைக்கவில்லை.

“அந்த ஆணியையா புடுங்கினே? இத்தனை வருஷமா யாரும் அதைத் தொடலப்பா,” என்றாள்.

அவன் சிரித்து மழுப்பினான். ஜன்னல் கதவுகளுக்குப் பச்சை பெயிண்ட் பூசி, தூசி படாமல் சாத்திவைத்தான். பொழுது சாயும் நேரத்தில் தூறல் பிடித்தது. உள்பக்கம் துளைகள் எப்படியிருக்கின்றன என்று பார்க்க நுழைந்தவன் முதுகுக்குப் பின்னால் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

டர்பன்டைன் நெடி மூக்கை அடைத்தது. அதற்கடியில் வேறொரு வாசனை, பல நாள் காய்ச்சலில் கிடந்த உடம்பின் வியர்வை வாடை, படுக்கை வாடை. கதவைத் தள்ளினான். அசையவில்லை. ஜன்னல்கள் பெயிண்டில் ஒட்டிக்கொண்டிருந்தன. திறந்தாலும் கம்பி.

வெளியே சுத்தியல் விழுந்தது. அக்கம்பக்கம் கேட்டுவிடக் கூடாதே என்ற கவனத்தோடு, மெதுவாக. ஒரு ஆணி. நிறுத்தம். இன்னொரு ஆணி.

“சத்தம் போடாதீங்க,” என்றது கதவுக்கு அப்பால் ஒரு குரல். “ராத்திரி வந்து தொறக்கறேன்.”

ஆம்ப்ரோஸ் கத்தினான். தொண்டை கிழியும்வரை கத்தினான். பிறகு குரல் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது.

விடிந்தது. வாசலில் ஜட்கா வண்டி வந்து நின்றது. பட்டி மறுபடி உதிர்ந்திருந்த ஒரு துளையில் கண்ணை வைத்தான். ஜோசஃபின். தோளில் துணிச்சுருளாக மகன். உயிரெல்லாம் கைக்கு வந்ததுபோல் கதவை அடித்தான்.

“உள்ள யாரோ தட்டறாங்களே,” என்றாள் ஜோசஃபின்.

மௌரீனம்மா ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். “தட்டும்மா. முப்பது வருஷமா அப்பப்ப தட்டிக்கிட்டுதான் இருக்கு, எங்களுக்குப் பழகிப்போச்சு. ஆம்ப்ரோஸ் பயந்துபோய் பழையபடி ஆணியடிச்சிட்டுப் போயிருக்கான் பாரு. அதுவே நல்லது. பச்சப்புள்ளையோட இங்க நிக்காத, வா.”

ஜோசஃபின் கதவைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினாள். போய்விட்டாள்.

அவன் தட்டினான். தட்டிக்கொண்டேயிருந்தான்.

இருட்டில், அவன் தோளுக்குப் பக்கத்தில் இன்னொரு கை தட்டியது. பிறகு, அவன் முழங்கால் உயரத்தில், ஒரு சின்னக் கை.