பதின்மூன்றாவது டோக்கன்

“அதெல்லாம் செத்தவங்க டோக்கன்டி! பை வைக்கிற பசங்ககிட்டயா குடுத்த?”

பாக்கியவதி போட்ட சத்தத்தில், பாலகாட் சுரங்கக் குடியிருப்பில் அவள் ஜன்னலருகே காது கொடுத்திருந்த அக்கம்பக்கத்து எங்களுக்குக்கூட அன்று வேலை மிச்சம்.

“பித்தளைதானேம்மா, இன்னா இப்போ?” என்றாள் மகள் வின்னி.

மூடிய சுரங்க ஷாஃப்ட் ஒன்றின், ஆள் வருகை பதியும் டைம் ஆபீஸ் 1996இல் கல்லூரி நூலகமாகியிருந்தது. வின்னிக்கு அங்கே தற்காலிக வேலை. சுரங்கத்தில் இறங்குபவர் டோக்கனை எடுத்துப்போவார். மேலே வந்ததும் ஆணியில் மாட்டுவார். பிணமாக வந்தவர்களின் டோக்கன் மட்டும் ஆணி ஏறாது. டிராயரில் அப்படிக் கிடந்த பன்னிரண்டைத்தான் வின்னி மாணவர்கள் வாசலில் வைக்கும் பைகளுக்குக் கொடுத்து, தினமும் மாலையில் வரிசையாக மாட்டி வைத்தாள்.

“நீ மாட்டினா அவங்க மேல வந்துட்டாங்கன்னு அர்த்தம். அவங்க எடத்துக்குக் கீழ ஆள் வேணாமா? உங்கப்பா இன்னும் ஷிஃப்ட்டுக்கு எறங்கறாரு!”

வின்னி சிரித்தாள். ஆனாலும் மறுநாள் மாலை, கடைசி மாணவன் போனதும், டிராயரைத் திறந்து வைத்துக்கொண்டு டோக்கன்களைக் கழற்றப் போனாள். புத்தக வாடையை மீறி வெடிமருந்துப் புகை நெடி வந்தது. அலமாரிகளுக்குப் பின்னால், நனைந்த பூட்ஸ்கள் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நிற்பது போலச் சத்தம்.

திரும்பவில்லை. எண்ணினாள்.

பன்னிரண்டு.

பதின்மூன்று.

618. அப்பாவின் எண். ஈரம். இன்னும் சூடு.

எல்லாவற்றையும் ஆணியிலேயே விட்டு வீட்டுக்கு ஓடினாள். அப்பா ஜெயகரன் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பூட்ஸைக் கழற்றவில்லை.

“சீக்கிரமே வந்துட்டார் பாரு,” என்று அம்மா பூரித்தாள்.

வின்னிக்கு மூச்சு வந்தது. அப்போது கதவு தட்டப்பட்டது. அப்பா வேலை செய்யும் ஷாஃப்ட்டின் டைம் ஆபீஸ் ஹரோல்ட்.

“அக்கா... கீழ பாறை வெடிச்சிடுச்சி. எல்லாரும் வந்துட்டாங்க. ஜெயகரன் அண்ணன் மட்டும் இன்னும் மேல வரல.”

உள்ளே, சோற்றுக்காகத் தட்டு நகர்ந்தது.

அடுத்த வருடமே வின்னி லாய்ட் என்பவனைக் கட்டிக்கொண்டு பெங்களூர் போனாள், கிறிஸ்துமஸுக்கும் வருவதில்லை. ஹரோல்ட் வேலூருக்கு மாமியார் வீட்டோடு போய்விட்டான். பாக்கியவதி மட்டும் நகரவில்லை. யார் வீட்டையும் எட்டிப் பார்க்கும் நாங்கள், அந்த ஜன்னல் பக்கம் போவதில்லை. தனியாக இருக்கும் பாக்கியவதி, காலையில் தட்டுகளைக் கழுவி வாசலில் கவிழ்த்து வைக்கிறாள்.

பதின்மூன்று தட்டு.