மூக்கு உயரத்தில் ஒரு தாழ்ப்பாள்

அவளைப் பள்ளியில் எல்லோரும் ‘வாட்ச்மேன்’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் பெண்ணுக்கு இப்படி ஒரு பட்டப்பெயர் கிடைத்ததற்குக் காரணம் ஒரு கதவு.

பெண்கள் கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் இருந்த ஓட்டையில் ஒரு கயிறு கட்டியிருந்தது. உள்ளே யாராவது போனால், வெளியே ஒருவர் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இடைவேளைதோறும் அந்தக் கயிறு வாட்ச்மேன் கையில்தான் இருக்கும்.

எல்லாம் அவள் தங்கைக்காகத் தொடங்கியது. தங்கை ஒன்றாம் வகுப்பு. வீட்டில் அவளுக்குப் பெயர் பொடிசு. பள்ளியில் சேர்ந்த புதிதில், கதவு திறந்துவிடுமோ என்ற பயத்தில் பொடிசு காலையிலிருந்து மாலை வரை தண்ணீரே குடிக்கவில்லை. வயிற்றுவலியும் காய்ச்சலும் வந்து, மருத்துவர் அம்மாவைத்தான் திட்டினார். மறுநாளிலிருந்து அக்கா காவலுக்கு வந்துவிட்டாள். மற்றப் பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கும் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே போனதும் பொடிசு குரல் கொடுப்பாள்.

“அக்கா, இருக்கியா?”

“இருக்கேன்.”

குறைந்தது மூன்று தடவை.

ஆனால் இன்னும் இரண்டு மாதத்தில் வாட்ச்மேன் பெரிய பள்ளிக்குப் போய்விடுவாள். அப்புறம் கயிற்றை யார் பிடிப்பது? பொடிசு மறுபடி தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாளே. இதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தலைமையாசிரியை மேலிடத்துக்கு நான்கு கடிதம் எழுதிவிட்டார். பதில் வரவில்லை. வாட்ச்மேன் தினமும் காலைப் பிரார்த்தனையில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டாள். கழிவறைத் தாழ்ப்பாளைப் போய்க் கடவுளிடம் கேட்பதா என்று முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. அப்புறம், அவருக்குத் தெரியாத இடமா என்று கேட்டேவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை ஒரு நிதி நிறுவனத்திலிருந்து நாற்பது பேர் பள்ளிக்கு வந்தார்கள். வருஷத்துக்கு ஒருநாள் அலுவலக வேலையை விட்டுவிட்டு ஊருக்கு உதவி செய்வது அவர்கள் வழக்கம். எல்லோரும் ஒரே மாதிரி நீலச் சட்டை போட்டிருந்தார்கள். கையில் பெயிண்ட் வாளி.

வாசலுக்கு எதிரே இருக்கும் சுவருக்குத்தான் போனார்கள். முதல் வருஷம் அதில் மீன் வரைந்தார்கள். போன வருஷம் மீனை அழித்து வண்ணத்துப்பூச்சி. இந்த வருஷம் வண்ணத்துப்பூச்சியை அழித்துச் சூரியன். பள்ளியிலேயே அழகான சுவர் அதுதான். பாவம், அதற்குத்தான் ஓயாமல் வேலை நடந்தது.

வந்தவர்களை வரவேற்க ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வரச் சொல்லியிருந்தார்கள். அக்கா போகும் இடத்துக்கெல்லாம் போகும் பொடிசும் வந்திருந்தாள். விருந்தாளிகளிடம் குறை எதுவும் சொல்லக் கூடாது என்று தலைமையாசிரியை முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்.

பதினொரு மணிக்கு, அந்தக் கூட்டத்துக்கே தலைவியான மேலாளர் வாட்ச்மேன் பக்கத்தில் வந்து, கழிவறை எங்கே என்று மெதுவாகக் கேட்டார். அவள் அழைத்துப் போனாள். கதவில் தொங்கும் கயிற்றைப் பார்த்து மேலாளர் தயங்கி நின்றார்.

“நீங்க போங்க ஆன்ட்டி. நான் பிடிச்சுக்கறேன். யாரையும் விடமாட்டேன்.”

மேலாளர் உள்ளே போனார். பிறகு, “இருக்கியாம்மா?” என்று கேட்டது.

“இருக்கேன் ஆன்ட்டி.”

மறுபடி, “போயிடலையே?”

“இல்ல ஆன்ட்டி, இங்கதான் இருக்கேன்.”

மூன்றாவது தடவையும் கேட்டபோது வாட்ச்மேனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேலாளர் வெளியே வந்து ஏன் சிரிக்கிறாய் என்றார். தன் தங்கையும் இப்படித்தான் மூன்று தடவை கேட்பாள் என்று அவள் சொன்னாள். எத்தனை நாளாக இப்படி என்று அவர் கேட்க, ஒரு வருஷம் ஆகப்போகிறது என்றாள். அடுத்த வருஷம் தான் இங்கே இருக்கப்போவதில்லை என்பதையும் சொன்னாள். அது குறை சொல்வதில் சேருமா என்று தெரியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“போன வருஷமும் நாங்க வந்தோமே. ஏன்மா யாரும் சொல்லல?”

வாட்ச்மேன் யோசித்தாள். “நீங்க எந்தச் சுவர்ல வரையட்டும்னுதான் கேட்டீங்க ஆன்ட்டி.”

மேலாளர் கயிற்றை ஒருதரம் தன் கையில் பிடித்துப் பார்த்தார். பிறகு நேரே சுவருக்குப் போய், சூரியனைப் பாதியில் நிறுத்தச் சொன்னார்.

நாற்பது பேரும் கதவைச் சுற்றி நின்றார்கள். பெரிய பெரிய கணக்கெல்லாம் போடுகிறவர்கள். ஒருவருக்கும் தாழ்ப்பாள் மாட்டத் தெரியவில்லை. நிலைச்சட்டம் உளுத்துப்போயிருந்ததால், அடித்த ஆணி மாவில் குத்தியதுபோல உள்ளே போனது. ஒட்டகச்சிவிங்கி மாதிரி உயரமான ஒருவர் பைக்கில் போய்த் தச்சரைக் கூட்டிவந்தார்.

தச்சர் உளுத்த கட்டையை வெட்டி எடுத்துப் புதுக்கட்டை வைத்தார். பளபளவென்ற புதுத் தாழ்ப்பாளை எங்கே வைக்கட்டும் என்றார். ஒட்டகச்சிவிங்கி மாமா தன் நெஞ்சுக்கு நேரே காட்டினார்.

“அங்க வேண்டாம் மாமா” என்று சொல்லிவிட்டு, வாட்ச்மேன் ஓடிப்போய்ப் பொடிசைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். கதவோடு ஒட்டி நிறுத்தினாள். “இவ மூக்குக்கு நேரா வைங்க.”

தச்சர் சிரித்துக்கொண்டே பொடிசின் மூக்குக்கு நேரே பென்சிலால் கோடு போட்டார். துளை போடும்போது மூக்கில் மரத்தூள் பறந்து பொடிசு தும்மினாள்.

வேலை முடிந்ததும் முதலில் சோதித்துப் பார்த்தவர் மேலாளர்தான். குனிந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு தாழ்ப்பாள் போட்டார். “பெரியவங்க கொஞ்சம் குனியட்டும், ஒண்ணும் ஆயிடாது” என்று உள்ளிருந்து சொன்னார்.

மாலையில் பாதிச் சூரியன் முன்னால் நின்றுதான் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை இடைவேளை. பொடிசு தண்ணீர் புட்டியை மடமடவென்று காலி செய்துவிட்டு, தனியாகவே உள்ளே போனாள். டக்கென்று தாழ்ப்பாள் விழுந்தது.

வாட்ச்மேன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டாள். பிடிக்க ஒன்றுமில்லை. மைதானத்திலிருந்து கூட்டாளிகள் அவளை விளையாடக் கூப்பிட்டார்கள். பாதி வழி ஓடியிருப்பாள், உள்ளேயிருந்து குரல் வந்தது.

“அக்கா, இருக்கியா?”

அவள் திரும்பி ஓடிவந்து கதவருகே நின்றாள்.

“இருக்கேன்.”

“சும்மாதான் கேட்டேன். நீ போய் விளையாடு.”