ஐந்தாம் பந்தயத்துக்குக் குறிப்பு இல்லை

கடைசியில் வரும் என்று அவள் எழுதிய குதிரை, முதலில் வந்தது!

அதுவும் எப்படி... மற்றக் குதிரைகளெல்லாம் சேற்றில் திணற, இது மட்டும் காற்றாய்ப் பறந்து வந்தது. 

மூன்று வருஷமாகப் பத்திரிகையில் ‘வேலியோரம்’ என்ற தலைப்பில் பந்தயக் குறிப்பு எழுதுகிறவள் அவள். விடியற்காலையில் குதிரைகள் பயிற்சி ஓட்டம் ஓடும்போது, வேலிக்கு வெளியே ஸ்டாப்வாட்சும் கையுமாக நின்று, தன் கண்ணால் கண்டதை மட்டுமே எழுதுவாள். எந்த லாயத்து ஆளிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த நேர்மைக்காகத்தான் ஜனங்கள் அவளை நம்பினார்கள்.

குடைகூட எடுக்காமல் மழையில் லாயத்துக்கு ஓடினாள். தகரக் கூரையின் கீழே ஒருவன் நின்று பன் தின்றுகொண்டிருந்தான். ஆள் கதவு அகலம்.

“அந்தக் கறுப்புக் குதிரையைக் காலையில ஓட்டுறது யாருங்க?”

“நான்தான். வந்து பத்து நாள்தான் ஆகுது.”

“செவ்வாய்க்கிழமை அது நத்தை மாதிரி ஊர்ந்துச்சு. நான் நேரம் எடுத்தேன். குதிரையை மாத்திட்டீங்களா?”

அவன் பன்னை விழுங்கினான். “ஓ... வேலியோரம் நீங்கதானா? யாரோ மீசை வச்ச பெரியவர்னு நினைச்சேன்.”

“பேச்சை மாத்தாதீங்க!”

“ஏங்க, இன்னிக்கு ஓட்டின ஜாக்கி ஐம்பது கிலோ. நான்...” வயிற்றைத் தட்டிக் காட்டினான். “எண்பது. குதிரையைப் பார்த்தீங்க சரி... மேல உட்கார்ந்தவனைப் பார்க்கலையே!”

அவள் குளம்பைப் பார்த்திருக்கிறாள், மூச்சைப் பார்த்திருக்கிறாள்... ஆளைப் பார்க்கவில்லையே!

“லாயத்து ரகசியத்தை என்கிட்ட சொல்றீங்களே?”

“என் தொப்பை ஊருக்கே தெரியும். இதுல என்னங்க ரகசியம்?”

அப்போதுதான் அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். இமையில் ஒரு மழைத்துளி. சிரிப்பு உதட்டுக்கு வருமுன்பே கண்ணுக்கு வந்துவிடுகிற முகம்... என்ன இது, கால் ஏன் நகரமாட்டேன் என்கிறது?

அதன்பிறகு தினமும் வேலியருகே இரண்டு வார்த்தை. மழையைப் பற்றி, அவள் வீட்டுப் பூனையைப் பற்றி... குதிரையைப் பற்றி மட்டும் இருவரும் மூச்சுவிடமாட்டார்கள்.

பத்தாவது வாரம், அவன் ஓட்டிய சிவப்புப் பெண் குதிரை ஜெயிக்கும் என்று எழுதினாள். எடுத்த நேரம் சுமார்தான். ஆனால் ஓடி முடித்த குதிரைக்கு மூச்சு வாங்கவேயில்லை. அதை வைத்து எழுதினாள். யாரும் திரும்பிப் பார்க்காத குதிரை... ஜெயித்தேவிட்டது!

திங்கட்கிழமை கடிதங்கள் குவிந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ‘லாயத்துக்குள் ஆள் வைத்திருக்கிறாள்.’ ‘அந்தத் தடியனோடு சிரித்துப் பேசுவதைப் பார்த்தோம்.’ மூன்று வருஷத்து நம்பிக்கை ஒரே நாளில் போயிற்று.

மறுநாள் காலை அவன் அவளைத் திரும்பியும் பார்க்காமல் போனான். அதற்கு மறுநாளும். அவளுக்குச் சுரீரென்றது. சரி, போகட்டும்... யார் கெஞ்சப்போகிறார்கள்?

நாலாம் நாள், கடந்து போகும்போது முகம் திருப்பாமலே சொன்னான். “லாயத்துலயும் அதே பேச்சுதான். என்கிட்ட பேசாதீங்க... உங்க பேர் கெட்டுடும்.” குரல் உடைந்திருந்தது.

அட பாவி! வீம்பு என்று நினைத்தாளே... அன்று மதியம் அவள் எழுதிக் கொடுத்ததைப் படித்த பத்திரிகை ஆசிரியருக்கு மூக்குக்கண்ணாடி நழுவியது.

‘ஐந்தாம் பந்தயத்துக்குக் குறிப்பு இல்லை. அதில் ஓடும் குதிரையைக் காலையில் ஓட்டுபவர், தன் எடையைத் தவிர வேறெதையும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் அவர்மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டது. இனி அந்த லாயத்துக் குதிரைகளைப் பற்றி நான் எழுதமாட்டேன்.’

“ஏம்மா... இதை அச்சுல போடவா? உங்க வீட்டுக்குத் தெரியுமா?”

“பேப்பர் பார்த்துத் தெரிஞ்சுக்குவாங்க சார்.”

“அந்தப் பையனுக்கு?”

“அவருக்கும் அப்படித்தான்...”

மறுநாள் விடியலில் வேலியோரம் நின்ற அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். பூமி பிளந்து விழுங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது. அவன் நடந்து வந்தான். கையில் பத்திரிகை.

“முதலாளி இதைக் காட்டி, எத்தனை நாளாடா நடக்குதுன்னு கேட்டார்.”

“நீங்க... என்ன சொன்னீங்க?”

“எனக்கே இப்பத்தான் தெரியும்னு சொன்னேன். சிரிச்சுட்டார். வேலை போகலை.” பத்திரிகையை மடித்தான். “ஏங்க, ஊரெல்லாம் படிச்சு முடிச்ச அப்புறமா எனக்குத் தெரியணும்? நியாயமா இது?”

“நியாயம் இல்லைதான்...” அவளுக்குக் கண் கலங்கியது. “பிடிக்கலைன்னா சொல்லிடுங்க.”

“நானும் ஒண்ணு ஒத்துக்கணும்.” அவன் காது மடல்கள் சிவந்தன. “அந்த மழை நாள்லேர்ந்து... இந்த வேலிப் பக்கம் வந்தாலே குதிரையை இழுத்துப் பிடிச்சு மெதுவாத்தான் விடுவேன். ஒரு நொடி கூடுதலா நிக்கலாமேன்னு...”

அவள் திடுக்கிட்டு வேலிக் கம்பியைப் பற்றிக்கொண்டாள்.

“அப்போ... பத்து வாரமா உங்க குதிரைக்கு நான் எடுத்த நேரமெல்லாம்?”

“ஒண்ணுகூட சரி இல்லைங்க. அத்தனையும் நான் உங்களைப் பார்த்த நேரம்.”