ஏற்றத்தில் கேட்ட சத்தம்

அங்கயற்கண்ணி வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் முதலில் செய்த வேலை, எஞ்சினுக்குச் சத்தம் கொடுத்ததுதான். ஒலியூட்டியின் குமிழைத் திருப்பினாள். நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்பு பூமியில் ஓடி, என்றோ காயலான் கடைக்குப் போய்விட்ட ஒரு டீசல் லாரி, செவ்வாய்க் கோளின் புழுதிக்கு நடுவே உறுமிக்கொண்டு எழுந்தது. அதைக் கேட்டால்தான் அவளுக்கு வண்டி ஓட்டுகிற நினைப்பே வரும்.

வண்டி என்னவோ மின்சாரத்தில் ஓடுவது. ஆறு சக்கரம், சக்கரத்துக்கொரு மோட்டார், சத்தம் என்பதே கிடையாது. அதுவே வினையாகிவிட்டது. மனிதர்கள் இங்கே குடியேறிய முதல் பத்தாண்டில், சத்தமில்லாத இழுவையூர்திகளில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போய்ப் பள்ளத்தில் விழுந்தவர்கள் பதினேழு பேர். அந்தக் காலத்து ஓட்டுநர்களில் பாதிப்பேர் தூத்துக்குடிப் பக்கத்து உப்பு லாரிக்காரர்கள். எஞ்சின் சத்தம் இல்லாமல் எங்களால் ஓட்ட முடியாது என்று சங்கம் கூட்டித் தீர்மானம் போட்டார்கள். பொறியாளர்கள் முதலில் சிரித்தார்கள். பதினேழு குழிகளையும் பார்த்த பிறகு சிரிப்பதை நிறுத்தினார்கள். பூமியிலிருந்து ஒரு பழைய டீசல் லாரியின் ஒலிப்பதிவுகளை வரவழைத்து, மோட்டார் எவ்வளவு சிரமப்படுகிறதோ அதற்கேற்ற சத்தம் ஒலிபெருக்கியில் வரும்படி இணைத்துக் கொடுத்தார்கள். வெறும் வண்டி போனால் ஒரு சத்தம், பாரம் ஏற்றினால் ஒரு சத்தம், பாரத்தை இழுத்துக்கொண்டு மேடேறினால் வேறொரு சத்தம்.

மூன்று தலைமுறைகள் கடந்தன. டீசல் எப்படி நாறும் என்றே தெரியாதவர்கள், அந்தச் சத்தத்தை வைத்தே மோட்டாரின் கோளாறுகளைச் சொல்லப் பழகிவிட்டார்கள். ஓட்டுநருக்கு எதிரே நிலைகாட்டி என்றொரு பலகை உண்டு. வெப்பம், உராய்வு, இழுவிசை எல்லாவற்றையும் நொடிக்கு நூறு தடவை அளந்து காட்டும். அதை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. இரண்டு முறை பலகை எல்லாம் சரி என்றபோது ஓட்டுநரின் காது இல்லை என்றது. இரண்டு முறையும் காதே ஜெயித்தது. அதிலிருந்து சங்கத்தில் ஒரு விதி. புதிதாகச் சத்தம் கேட்டால் இறங்கிப் பார்க்காமல் வண்டியை நகர்த்தக் கூடாது. அங்கயற்கண்ணி இருபத்திரண்டு வருடங்களாக அந்த விதியை மீறியதில்லை.

அன்று காலை அவளை அவசரமாக அழைத்ததற்குக் காரணம், பனிச்சுரங்கத்திலிருந்து திரும்பிய பேருந்து. மலையடிவாரத்தில் நின்றுவிட்டது. உள்ளே பதினோரு பேர். அவள் போய்ச் சேர்ந்து இழுக்கத் தொடங்கும்போது எஞ்சியிருக்கும் காற்று ஐந்து மணி நேரத்துக்குத்தான். மேல்நகருக்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஏற்றம். மணிக்குப் பதினான்கு வைத்தால் மூன்று மணி நேரம். மற்ற வண்டிகளெல்லாம் புழுதிப்புயலுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தன. இவள் வண்டியிலோ இருவருக்குத்தான் இடமும் காற்றும். பேருந்தை அப்படியே இழுத்துக்கொண்டு போவதைத் தவிர வழியில்லை.

பதினோரு பேரில் ஒருவர் அவள் கணவர் உலகநாதன். சுரங்கத்துத் தூசி தின்றதுபோக அவருக்கு மிச்சமிருந்தது ஒன்றரை நுரையீரல்.

வண்டியில் அவளோடு வந்தவர் இருதயராஜ், மெக்கானிக். அவள் வயதுக்காரர்தான், இருந்தாலும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். இழுவைக் கம்பியை அவரே பூட்டினார். கிளம்பி ஆறாவது கிலோமீட்டரில் ஏற்றம் செங்குத்தாகத் தொடங்கியது. அப்போதுதான் அது கேட்டது.

ணங். ணங். ணங்.

"கேக்குதா?" என்றாள்.

"கேக்குது." இருதயராஜ் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். "இப்படி ஒரு சத்தத்த நான் கேட்டதே இல்லக்கா. கொஞ்சம் காலை எடுங்க."

வேகம் குறைந்தது. சத்தம் நின்றது. மறுபடி மிதித்தாள். ணங். ணங். வேகம் கூடக்கூட அடியும் நெருங்கி விழுந்தது. நிலைகாட்டியில் ஆறு மோட்டார்களும் பச்சையாக எரிந்தன.

"பலகை ஒண்ணும் சொல்லலயே" என்றாள்.

"அது என்னைக்குச் சொல்லிச்சு?"

அவள் பேருந்துக்குப் பேசினாள். மறுமுனையில் உலகநாதனே எடுத்தார். மூச்சை மிச்சம் பிடித்துப் பேசினார்.

"வண்டில ஒரு சத்தம் வருதுங்க. என்ன செய்ய?"

"என்ன மாதிரி?"

"இரும்ப இரும்பு அடிக்கிற மாதிரி. இழுக்கையில மட்டும்."

மூச்சிரைப்போடு பதில் வந்தது. "நிப்பாட்டிப் பாத்துரு. நடு ஏத்தத்துல மோட்டாரு போச்சுன்னா ரெண்டு வண்டியும் பள்ளத்துலதான் கெடக்கும். எங்களுக்கு நேரம் இருக்கு. நீ பதறாத."

நிறுத்தினாள். சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, இருதயராஜ் காற்றுடை மாட்டிக்கொண்டு இறங்கினார். இழுவைக் கொக்கியைப் பார்த்தார், விரலிடுக்குகூட ஆட்டமில்லை. ஆறு சக்கரங்களின் குடத்திலும் வெப்பமானியை வைத்தார்; ஆறும் ஒரே சூடு. பேருந்தைக் கழற்றிவிட்டு வண்டியை மட்டும் இருபது அடி ஓட்டச் சொன்னார். சத்தமே இல்லை. திரும்பப் பூட்டி இழுத்தபோது வந்தது. இரும்புக் கம்பியின் ஒரு முனையை மோட்டார்ப் பெட்டியில் ஊன்றி, மறுமுனையைத் தலைக்கவசத்தில் அழுத்திக்கொண்டு, உள்ளே அவளுக்கு அந்த அடி கேட்கும் வேகத்தில் வண்டி போக, பக்கவாட்டுப் படியில் தொற்றிக்கொண்டே வந்தார். கம்பியில் ஒன்றுமே கேட்கவில்லை. அது அவருக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

ஏறி வந்து உட்கார்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. "வெளிய எங்கயும் இல்லக்கா. உள்ளுக்குள்ள, கம்பிக்கு எட்டாத ஆழத்துல இருக்கு. பல்சக்கரமா இருக்கும். எப்ப முறியும்னு சொல்ல முடியாது."

"என்ன வழி?"

"மெதுவாப் போனா சத்தம் வரல. சத்தம் வராத வேகத்துலயே போயிருவோம்."

சத்தம் வராத வேகம் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர். மிச்சம் முப்பத்தாறு கிலோமீட்டர், நான்கு மணி நேரம். பார்த்துக் கழித்தது ஐம்பது நிமிடம். அதற்கு முன்பு போனது இருபத்தாறு. அங்கயற்கண்ணி கூட்டிப் பார்த்தாள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் பதினாறு நிமிடம் இடித்தது. இன்னொரு முறை கூட்டினாள், ஏதோ கூட்டல் அவளுக்குப் பரிதாபப்பட்டு இறங்கி வரும் என்பதுபோல.

"பதினாறு நிமிசம்" என்று பேருந்துக்குச் சொன்னாள்.

"அசையாமப் படுத்திருந்தா சமாளிச்சிரலாம்" என்றார் உலகநாதன். "எல்லாரையும் படுக்கச் சொல்லிட்டேன். நீ சத்தத்தக் கேட்டு ஓட்டு. வண்டிய உடைச்சுப்புடாத."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அவளும் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் பதில் சொல்வார், பதிலுக்கும் காற்று செலவாகும். மூன்று முறை அவள் கால் தன்னையறியாமல் மிதியை அழுத்தியது. மூன்று முறையும் அந்த அடி கேட்டது, காலை எடுத்துக்கொண்டாள். இவ்வளவு கவனமாக அவள் தன் வாழ்நாளில் ஓட்டியதே இல்லை. மற்றபடி வேகமுள் ஒன்பதைவிட்டு அசையவில்லை.

மேல்நகரின் கதவுக்குள் பேருந்து நுழைந்தபோது, கிளம்பி ஐந்து மணி நேரம் பதினாறு நிமிடம் ஆகியிருந்தது. பத்துப் பேரைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். உலகநாதனைத் தூக்கித்தான் இறக்கினார்கள். ஒன்றரை நுரையீரலால் பதினாறு நிமிடத்தைக் கடக்க முடியவில்லை.

சங்கத்துக்காரர்கள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். விதிப்படி ஓட்டிப் பத்து உயிரைக் காப்பாற்றினாய் என்றார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள். நம்பாமல் எப்படித் தூங்குவது?

பதினோராம் நாள் விசாரணை. அதற்குள் வண்டியைக் கடைசித் திருகுவரை பிரித்துப் போட்டிருந்தார்கள். ஆறு மோட்டார்களும் புத்தம்புதிது போலிருந்தன. பல்சக்கரங்களில் கீறல்கூட இல்லை. கடைசியாக ஒலியூட்டியைக் கழற்றி, ஒலிக் காப்பகத்தில் பரிமளம் என்ற அலுவலரிடம் கொடுத்தார்கள். அவள் அதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"சத்தம் வண்டியிலிருந்து வரல" என்றாள் பரிமளம். "பதிவுலயே இருக்கு. உள்ளதுலயே அதிகப் பாரத்தோட மேடேறுறப்ப எடுத்த பதிவு இது. இவ்வளவு பெரிய பாரத்தை இதுக்கு முன்னாடி இந்த மலையில யாரும் இழுத்ததில்ல. அதனால இது வரைக்கும் இந்தப் பதிவு ஒலிக்கவே இல்ல."

பதிவை ஓடவிட்டாள். ணங். ணங். ணங். அங்கயற்கண்ணியின் கால், மேசைக்கு அடியில், தானாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

இருதயராஜ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். காப்பகத்தில் இருந்த பழைய லாரியின் வரைபடத்தைப் புரட்டினார். ஒரு இடத்தில் விரலை வைத்தார். அந்தக் காலத்து லாரியில் எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீண்ட தண்டு அது.

"இந்தத் தண்டோட ஜாயின்ட் தேஞ்சிருக்கு. பாரம் இழுக்கையில மட்டும் அடிக்கும். நின்னு மாத்துனா ஒரு மணி நேர வேலை." வரைபடத்தை மூடினார். "சரியாத்தான் கேட்டிருக்கோம்க்கா. வண்டிதான் வேற."

"நல்லா ஓடுற லாரியத்தான பதிவு செஞ்சிருப்பாங்க?" என்று கேட்டாள் அங்கயற்கண்ணி.

"அப்படித்தான் நெனச்சிருப்பாங்க. பதிவு செஞ்சவங்க மனுசக் குரலை நீக்கியிருக்காங்க, வண்டிக்குள்ள ஓடின பாட்டை நீக்கியிருக்காங்க. இந்தத் தட்டல மட்டும் லாரியோட இயல்பான சத்தம்னு விட்டுட்டாங்க." பரிமளம் தயங்கினாள். "நீக்கினதையெல்லாம் தோண்டி எடுத்திருக்கேன். கேக்கணுமா?"

கேட்க வேண்டும் என்றாள். எஞ்சின் சத்தம் அடங்கிப் பின்னுக்குப் போக, நூற்றறுபது ஆண்டுகளுக்கு அப்பாலிருந்து இரண்டு ஆண்குரல்கள் எழுந்தன.

"அண்ணே, அடியில ஏதோ அடிக்குதே?"

"அது ஆறு மாசமா அடிக்கிது. போற வரைக்கும் போவட்டும். நீ அந்தப் பாட்டக் கொஞ்சம் சத்தமா வையி."

பாட்டு உயர்ந்தது. அதற்குமேல் தட்டல் கேட்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து பாடுவது கேட்டது. யாரோ சிரித்தார்கள். அறையில் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பாட்டு முடிந்ததும் அங்கயற்கண்ணி கேட்டாள்.

"அவங்க ஊர் போய்ச் சேந்தாங்களா?"

பரிமளம் பதிவின் கடைசிப் பகுதிக்குப் போய்ப் பார்த்தாள். கைப்பிரேக் இழுக்கிற சத்தம், கதவு திறக்கிற சத்தம், டீ சொல்லுகிற குரல்.

"சேந்துட்டாங்க" என்றாள். "வழியில எங்கயும் நிக்கல."